ஈரம் காட்டாத தட்டு

பிப்ரவரி கடைசியில் ஒன்பது நாள் தொடர்ந்து நான் ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்னபோது அது பொய் என்று தெரியாது. தெரியாமல் சொன்னால் பொய்யில்லை என்பது என் கணவர் பட்டாபியின் கட்சி. அவர் வங்கி அதிகாரி, எல்லாவற்றுக்கும் கையில் ஒரு விதிவிலக்கு வைத்திருப்பார். எனக்கு அந்த வசதி கிடையாது.

கொல்கத்தா நியூ டவுனில் ஒரு வானிலை ஆலோசனை நிறுவனத்தில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். மழை வருமா, குடை எடுக்கணுமா என்று சொல்கிற வேலை இல்லை. பயிர்களுக்கான வானிலை. தேயிலைக்கு ஒன்று, உருளைக்கிழங்குக்கு ஒன்று, ரப்பருக்கு ஒன்று. திரிபுராவில் லட்சுமிசரா என்ற ஊரின் ரப்பர் சங்கம் என் பொறுப்பில் இருந்தது. முந்நூற்று நாற்பது குடும்பங்கள், ஆளுக்கு இருநூறு முந்நூறு மரங்கள். தினமும் மாலை நாலு மணிக்கு அவர்கள் எல்லோருடைய போனுக்கும் வங்காளத்தில் ஒரு செய்தி போகும். எழுதி அனுப்புவது நான். அந்த ஒன்பது நாளும் போன செய்தி இதுதான்: "இலையில் ஈரம் இல்லை. நாளை கந்தகம் தூவ வேண்டாம். ஷியாமளா."

இதில் என்ன பிரமாதம் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். ரப்பர் மரம் தை மாதத்தில் இலை முழுவதையும் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். மாசியில் தளிர் விடும். முதலில் செம்பு நிறம், அப்புறம் வெளிர் பச்சை, முற்றிக் கரும்பச்சையாக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை அதற்குக் கண்டம்தான். விடியற்காலை மூடுபனி இறங்கி, பகலிலும் வெயில் ஏறாமல் நாலைந்து நாள் மந்தமாக இருந்தால் போதும், சாம்பல் நோய் வந்து உட்கார்ந்துவிடும். தளிர்மேல் மாவு தூவியது போல வெள்ளைப் பூஞ்சை. தளிர் சுருண்டு விழும், மரம் மறுபடி மொட்டை. இலையில்லாத மரத்தில் பால் வெட்ட முடியாது.

வேடிக்கை என்னவென்றால், அடித்துப் பெய்கிற மழை இந்தப் பூஞ்சைக்கு ஆகாது. கழுவிக்கொண்டு போய்விடும். மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் ரெண்டுங்கெட்டானாக இருக்கும் வானம்தான் அதற்குப் பிடிக்கும். மருந்து கந்தகப் பொடி. காற்று அசையாத விடியல் நேரத்தில், முதுகில் மெஷினை மாட்டிக்கொண்டு மேல்நோக்கி ஊத வேண்டும். பனி ஈரத்தில் பொடி ஒட்டிக்கொள்ளும். நோய் வருவதற்கு முன்னால் தூவினால்தான் பலன், விழுந்த தளிருக்கு வைத்தியம் கிடையாது. ஆக, பனி எத்தனை மணி நேரம் இலையில் தங்கியது என்பதை யாராவது சரியாகச் சொல்ல வேண்டும். அந்த யாரோதான் நான்.

முந்தைய வருஷம் எங்களிடம் காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் கருவி மட்டும்தான் இருந்தது. அது இரவெல்லாம் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு என்றே காட்டியது. நான் தூவச் சொன்னேன். மூன்று சுற்று தூவினார்கள். ஒரு தளிர்கூட விழவில்லை. சங்கத்துக்காரர்கள் கொதித்துப் போனார்கள். விடியுமுன் எழுந்து கந்தகத்தைத் தின்றது தண்டமா, எங்களை முட்டாளாக்குகிறீர்களா என்று போனிலேயே ஏறினார்கள். அதன் பிறகுதான் எங்கள் மேலாளர் சந்தீப்தா (இங்கே பெயரோடு ‘தா’ சேர்த்தால் அண்ணன், ‘தி’ சேர்த்தால் அக்கா) புதிதாக ஒரு தட்டு வாங்கினார். உள்ளங்கை அளவு, இலை வடிவம், வெள்ளை நிறம். அதன்மேல் ஈரம் படிந்தால் கருவிக்குத் தெரியும், எத்தனை மணி நேரம் நனைந்திருந்தது என்று கணக்கு அனுப்பும். நவம்பரில் நானே போய் அதைக் கம்பத்தில் பூட்டிவிட்டு வந்தேன். கம்பம் நிற்பது நிரஞ்சன் தேப்நாத் என்பவரின் தோட்டத்தில். அறுபது வயது, சங்கத்தின் சார்பில் அதைப் பார்த்துக்கொள்பவர்.

அந்தத் தட்டு, பிப்ரவரி பிறந்ததிலிருந்து, ஒரே பாட்டைப் பாடியது. ஈரம் பூஜ்யம்.

தளிர் வந்து ஒன்பதாவது நாள், வெள்ளிக்கிழமை. லேக் மார்க்கெட் பக்கம் எங்கள் வீட்டு ஜன்னலில் நின்றேன். எதிர்க்கட்டடம் தெரியவில்லை. தெருவிளக்கு மட்டும் மங்கலாக ஒரு வட்டம்.

"என்ன ஷ்யாமா, காப்பி ஆறிப் பச்சைத்தண்ணியா ஆயிடுத்து. ஜன்னலண்டையே நின்னுண்டிருக்கே?" என்றார் பட்டாபி.

"எதிர் பில்டிங் தெரியலை, பாருங்கோ."

"தெரியலேன்னா என்ன? அவாத்துல என்ன சமையல்னு பாக்கணுமா?"

"இங்கயே இப்படின்னா அங்க எப்படி இருக்கும்? அந்தத் தட்டு மட்டும் காஞ்சு கிடக்காம். எப்படிக் காயும்?"

"அது மிஷின். ஒன்னை மாதிரி ஜன்னல்ல நின்னு கவலைப்படாது" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் இட்லிப் பானையை வைத்த சத்தம் கீழ்வீட்டு போஸ் பாபுவுக்கே கேட்டிருக்கும்.

பஸ்ஸில் பைபாஸைத் தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. கண்டக்டர் நிறுத்தத்தின் பெயரைக் கத்தினால்தான் எங்கே இருக்கிறோம் என்று புரிந்தது. பக்கத்தில் இருந்தவர் தம்பியை ஏற்றிவிட ஏர்போர்ட் போகிறாராம். திரிபுராவின் தலைநகர் அகர்தலாவுக்குப் போகும் விமானம் மூன்று மணி நேரம் தாமதம் என்றார். ஏன் என்றேன். அங்கே ஓடுபாதையே தெரியவில்லையாம், இரண்டு நாளாக இதே கதையாம்.

ஆபீசில் நுழைந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் அஷ்வத்தின் மேஜைக்குப் போனேன். கருவிகளின் கணக்கைப் படித்து, தூவு, தூவாதே என்று சொல்கிற புரோகிராம் அவன் எழுதியது. இருபத்தேழு வயது, இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. அவன் தமிழ் பாதி வழியிலேயே வங்காளத்தில் இறங்கிக்கொள்ளும்.

"ஹியுமிடிட்டி என்ன காட்டறது?" என்றேன்.

"நைன்ட்டி செவன். ராத்திரி ஃபுல்லா."

"தட்டு?"

"ஜீரோ."

"காத்துல அவ்வளவு ஈரம், இலை மட்டும் எலும்பு மாதிரி காஞ்சிருக்கு. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்றது அஷ்வத்."

"ஆரே ஷியாமளாதி, ஹியுமிடிட்டி சென்சார் பழசு. போன வருஷமே அது பொய் சொல்லிச்சு, எல்லாரும் திட்டு வாங்கினோம். அதனாலதான் நான் அதை புரோகிராம்லேருந்தே எடுத்துட்டேன். பிளேட் புதுசு, காலிப்ரேட் பண்ணது. பிளேட் சொல்றதுதான் டிக், கரெக்ட்."

"அகர்தலால பிளேன் இறங்க முடியலையாம்."

"அகர்தலா எங்க, லட்சுமிசரா எங்க? அறுபது கிலோமீட்டர்."

அவனிடம் பேசிப் பயனில்லை என்று சந்தீப்தாவிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்களே, அந்தப் பூனை. போன வருஷம் சங்கத்தாரிடம் நின்று திட்டு வாங்கியவர் அவர்தான்.

"ஷியாமளா, உன் உள்ளுணர்வை நான் சங்கத்துக்கு அனுப்ப முடியாது. கணக்கைத்தான் அனுப்ப முடியும்" என்றார்.

"போன வருஷம் ஒரு தளிர்கூட விழலை, அதனால எச்சரிக்கை தப்புன்னு முடிவு பண்ணினோம். கந்தகம் போட்டதாலதான் விழலையோ என்னவோ? அதை யாராவது யோசிச்சோமா? குடை பிடிச்சுண்டு போனவன் நனையலைங்கறதுக்காக மழையே பெய்யலைன்னு சொல்வீங்களா?" என்றேன். வங்காளத்தில்தான் சொன்னேன், கோபத்தில் பாதி தமிழாகவும் வந்திருக்கும்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நிரூபணம் கொண்டு வா. ஒரே ஒரு நிரூபணம். உடனே மாற்றுகிறேன்."

என் மேஜைக்கு வந்து நிரஞ்சன் பாபுவுக்குப் போன் போட்டேன். நாங்கள் வங்காளத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன். தீதி என்றால் அக்கா, வயசு பார்க்காத மரியாதை.

"கருவி நல்லா இருக்கா, நிரஞ்சன் பாபு?"

"கண்ணாடி மாதிரி வெச்சிருக்கேன் தீதி. ஒரு தூசு கிடையாது."

"அங்கே மூடுபனி இருக்கா?"

"பனி இல்லாத மாசியா? இருக்கு. ஆனா இலை காஞ்சிருக்குன்னு நீங்கதானே தினமும் சொல்றீங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரன் கந்தகத்தை எடுத்துக்கிட்டுக் கிளம்பினான், நான்தான் தடுத்தேன். கொல்கத்தாவிலிருந்து தீதி சொல்லட்டும்டா, நம்ம கண்ணைவிட அந்தத் தட்டுக்குத் தெரியும்னேன்."

"தளிர் எப்படி இருக்குன்னு பார்த்தீங்களா?" என்றேன்.

"அறுபது அடி உசரத்துல இருக்கு தீதி. என் கண்ணுக்குப் பச்சைன்னு தெரியுது, அவ்வளவுதான்."

அன்று நாலு மணிக்கும் அதே செய்தியைத்தான் அனுப்பினேன். வேறு வழியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அனுப்பும் பொத்தானை அழுத்தின விரலை வெட்டிப் போடலாமா என்று இருந்தது. வீட்டுக்கு வந்தும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரசத்தில் உப்பை இரண்டு தடவை போட்டேன். பட்டாபி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார், பிறகு ஒன்றும் சொல்லாமல் மோருக்குத் தாவினார். இருபத்து நாலு வருஷத்தில் அந்த மட்டுக்கு அவரைப் பழக்கி வைத்திருக்கிறேன்.

படுத்ததும் ஒரு யோசனை வந்தது. நிரஞ்சன் பாபு தினமும் காலையில் பனி விலகியதும் தட்டைத் துடைத்துப் பார்த்துக்கொள்கிறார், நான் அவருடன் பேசுவதோ பகல் பத்து மணிக்கு. விடியும்போது அந்தத் தட்டு எப்படி இருக்கிறது என்று எங்களில் ஒருத்தரும் பார்த்ததே இல்லை. திரிபுராவில் சூரியன் நமக்கு முன்னால் எழுந்துவிடும். சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு வீடியோ காலில் அவரைக் கூப்பிட்டேன்.

எடுத்தார். முதலில் திரையில் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பிறகு வெள்ளைக்கு நடுவில் அவர் முகம் வந்தது. மூடுபனி அப்படி. மரங்கள் அடியோடு காணோம்.

"தீதி? இவ்வளவு காலையில? எல்லாரும் நலம்தானே?"

"நலம்தான். போனைக் கம்பத்துப் பக்கம் கொண்டு போங்க. தட்டை நான் பார்க்கணும்."

"ஒரு நிமிஷம் இருங்க. இன்னும் கழற்றலை."

"எதைக் கழற்றலை?"

அவர் பதில் சொல்வதற்குள் போன் கம்பத்துக்கு வந்துவிட்டது. கம்பத்தின் நீட்டுக் கையில், தட்டு இருக்க வேண்டிய இடத்தில், மெரூன் நிறக் கம்பளி மங்கி கேப், அதாவது காதை மூடுகிற குல்லா, ஒன்று மாட்டியிருந்தது. உச்சியில் குஞ்சம். அதற்குள்ளே ஒரு பாலிதீன் பை, வாயில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தது. கம்பளியின்மேல் பனி முத்து முத்தாகக் கோத்து நின்றது.

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"இது எத்தனை நாளா?"

"நீங்க பூட்டிட்டுப் போன நாளிலிருந்து தீதி. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போடுவேன், காலையில பனி விலகினதும் எடுத்துத் துடைச்சு வெச்சுடுவேன். ஒரு நாள் தவறலை. காய்ச்சல்ல படுத்திருந்தப்போகூட என் மனைவி வந்து போட்டா."

"ஏன் நிரஞ்சன் பாபு? ஏன்?"

இப்படியும் ஒரு கேள்வியா என்பது போல என்னைப் பார்த்தார். "ஹிம் லேகே ஜாபே, தீதி." பனி பட்டுவிடுமாம்.

என் அப்பாவுக்குக் கொல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகத்தில் வேலை. நான் பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருப்பவள். ஹிம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். மாலையில் இறங்கும் பனி தலையில் பட்டால் சளி, காய்ச்சல், அப்புறம் உயிருக்கே ஆபத்து என்று வங்காளிகளுக்கு ஒரு பயம் உண்டு. தீபாவளி தாண்டினால் போதும், குழந்தைகளும் கிழவர்களும் மங்கி கேப்புக்குள் போய்விடுவார்கள். நாங்கள் அதைக் கேலி செய்துகொண்டே வளர்ந்தோம். ஆனால் அந்தக் கேப் எங்கள் கருவியின் தலையில் ஏறும் என்று நிறுவனத்தில் எந்த மேதைக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

"நீங்கதானே சொல்லிட்டுப் போனீங்க," என்றார் அவர், என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு. "நிரஞ்சன் பாபு, இது ரொம்ப மென்மையான பொருள், உங்க குழந்தை மாதிரி பார்த்துக்கோங்கன்னு."

சொன்னேன். நன்றாக ஞாபகம் வந்தது. டீயும் பொரியும் கொடுத்தார்கள், திரும்பிப் போக ஜீப் நின்றுகொண்டிருந்தது, போகிற அவசரத்தில் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன். தட்டு எதற்காக வைத்திருக்கிறோம், அது நனைந்தால்தான் நமக்குப் பயன் என்பதைச் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று இருந்துவிட்டேன்.

"கழட்டுங்க அதை!" என்று கத்திவிட்டேன். அவர் பதறிப் போய்க் கேப்பையும் பையையும் உருவினார். தட்டு வெள்ளையாக, உலர்ந்து, பளபளவென்று இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் பூத்தாற்போல் ஈரம் படியத் தொடங்கியது.

"ஏதாவது தப்பா, தீதி?"

"கீழே பாருங்க. மரத்தடியில தளிர் ஏதாவது விழுந்திருக்கா?"

அவர் குனிந்தார். போன் தரையைக் காட்டியது, அவர் செருப்பைக் காட்டியது, பிறகு அவர் உள்ளங்கையைக் காட்டியது. நாலைந்து குட்டித் தளிர்கள், ஓரம் சுருண்டு, மேலே சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளை. "நேத்திலிருந்து விழுது. காத்துல விழுதுன்னு நினைச்சேன்" என்றார். காற்றே இல்லாத இடத்தில் என்ன காற்று? அந்தத் தோட்டம் பள்ளத்தில் இருக்கிறது. குளிர்ந்த காற்றும் பனியும் முதலில் வந்து தேங்குவது அங்கேதான்.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. கையில் தளிரை வைத்துக்கொண்டு நிற்கும் மனிதரிடம், இதைச் செய்தது உன் கேப் என்று எப்படிச் சொல்வது? "கருவியில ஒரு கோளாறு. நான் அப்புறம் பேசறேன். இனிமே கேப் வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் பின்னால் பட்டாபி பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். வழக்கமாக இப்படி ஒன்று கிடைத்தால் ஒரு வாரம் ஓட்டுவார். அன்று, "கேப் கூப்பிடறேன், நீ கிளம்பு" என்றார். எந்தக் கேப் என்று ஒரு நொடி விழித்தேன், டாக்ஸியைச் சொல்கிறார் என்று புரிந்ததும் ஓடிப்போய்ப் புடவை மாற்றினேன்.

சந்தீப்தாவும் அஷ்வத்தும் எட்டு மணிக்கு ஆபீசுக்கு வந்தார்கள். வீடியோவைப் பதிவு செய்து வைத்திருந்தேன், போட்டுக் காட்டினேன். அஷ்வத் குஞ்சத்தைப் பார்த்து ஒரு தடவை சிரித்தான். உள்ளங்கையில் தளிரைப் பார்த்ததும் நாற்காலியில் சரிந்தான். "ஹியுமிடிட்டி சென்சார் சரியாத்தான் இருந்திருக்கு. போன வருஷமும்" என்றான் மெதுவாக.

"ஆமாம். போன வருஷமும்தான்."

மேட்டுத் தோட்டங்களில் தளிர் ஒரு வாரம் பின்தங்கித்தான் வந்திருந்தது. இன்னும் செம்பு நிறம் போகவில்லை என்று சங்கச் செயலாளர் போனில் சொன்னார். நாலு மெஷின்கள் இருக்கின்றன, மூன்று விடியலில் மேட்டை முடித்துவிடலாம். பள்ளத்தில் இருக்கும் எழுபது தோட்டங்களிலும் தளிர் விழத் தொடங்கிவிட்டதாம், அங்கே தூவினால் பொடியும் நேரமும்தான் போகும், மேடும் கையை விட்டுப் போய்விடும். பள்ளத்தை விட்டுவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன். எழுபது குடும்பங்களை ஒரு வாக்கியத்தில் விட்டேன்.

சந்தீப்தா செய்தியைத் தானே எழுதினார். நாளை விடியலிலிருந்து மேட்டுத் தோட்டங்களில் கந்தகம் தூவவும். அதுவரை சரி. அடுத்த வரி: "கருவியின் உள்ளூர்ப் பராமரிப்பாளரின் கவனக்குறைவால் முந்தைய செய்திகள் தவறாகின."

"இந்த வரி போகக் கூடாது" என்றேன்.

"அதுதானே நடந்தது?"

"கவனக்குறைவா? மூணு மாசம், ஒரு சாயங்காலம் தவறாம, காய்ச்சல்லகூட ஆள் அனுப்பிப் பார்த்துண்ட மனுஷனுக்குக் கவனக்குறைவா? இவ்வளவு கவனமா இந்த ஆபீஸ்ல யாராவது ஒரு வேலை செஞ்சிருக்கோமா? இந்தச் செய்தி முந்நூத்து நாற்பது வீட்டுக்குப் போகும், சந்தீப்தா. அவர் அந்த ஊர்லதான் இருக்கணும்."

"அப்படியென்றால் யாருடைய தவறு என்று எழுத? சங்கம் கேட்கும். மேலிடமும் கேட்கும்."

நான் கீபோர்டை என் பக்கம் இழுத்துக்கொண்டு எழுதினேன். "ஒன்பது நாள் தவறான செய்தி அனுப்பியது நான். கருவியை எப்படி வைக்க வேண்டும் என்று சரியாகச் சொல்லிக் கொடுக்காததும் நான். ஷியாமளா." சந்தீப்தா படித்துவிட்டு, இதற்கு என்ன விலை என்று தெரியுமா என்றார். தெரியும் என்றேன். தெரியாது, ஆனால் அப்போது அப்படித்தான் சொல்ல வந்தது. காலை பத்து மணிக்குச் செய்தி போனது. அப்போதும் மனசு ஒரு நிலையில் இல்லை. மேட்டுத் தோட்டங்களில் பெரும்பாலானவை பிழைத்தது எனக்குப் பதினைந்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

மாலை ஐந்து மணிக்கு நிரஞ்சன் பாபுவே கூப்பிட்டார். குரலில் ஓட்டமும் நடையுமாக அலைந்த களைப்பு. நாலு மெஷினும் ஓடுகின்றனவா என்று பார்த்துவிட்டார், பொடி மூட்டைகளை மேட்டுக்கு ஏற்றிவிட்டார், ஒரு மெஷினை அவரே தூக்கப் போகிறாராம்.

"உங்க தோட்டம் பட்டியல்ல இல்லையே" என்றேன்.

"என் தோட்டத்துல என்ன இருக்கு தூவ? காலையிலேருந்து கொட்டுது. என் மனைவி பெருக்கிப் பெருக்கி விட்டுட்டா." பேச்சை மாற்றினார். "சங்கத்துல உங்களை ரொம்பப் பேசிட்டாங்க தீதி. நான் விடலை. தீதி பொய் சொல்ற ஆளே இல்லை, கருவிக்குத்தான் உடம்பு சரியில்லாமப் போயிடுச்சுன்னு சொன்னேன்."

அவரே தொடர்ந்தார்.

"பழைய கேப் மெலிசு, தீதி. அதான் ஹிம் உள்ள இறங்கியிருக்கு. வேண்டாம்னு நீங்க கோபத்துல சொன்னீங்க, எனக்குத் தெரியும். பஜார்லேருந்து தடியா ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டேன். இப்போ போடத்தான் போறேன். இனிமே கருவிக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் சிரித்தபடிதான் சொன்னார். தோட்டம் கொட்டிக்கொண்டிருக்கிறது, மனிதர் கருவிக்குக் கேப் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். கருவியில் கோளாறு என்று காலையில் நான் சொன்ன அந்த ஒரு பொய், அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்னது, இப்போது மறுபடி தட்டை மூடப் போகிறது. இன்னும் இரண்டு சுற்று தூவ வேண்டும், எப்போது என்று அந்தத் தட்டுதான் சொல்ல வேண்டும்.

"நிரஞ்சன் பாபு, உட்காருங்க" என்றேன். "அந்தத் தட்டு நனையணும். பனியில நனையறதுக்குத்தான் அதை வெச்சிருக்கோம். அது எவ்வளவு நேரம் நனையுதோ, அவ்வளவு நேரம் மேலே தளிரும் நனையுதுன்னு நமக்குத் தெரியும். கேப் போட்டதால அது நனையலை. நனையலைன்னு எங்களுக்குச் சொல்லிச்சு. நான் அதை நம்பி உங்களுக்கெல்லாம் சொன்னேன்."

தூரத்தில் யாரோ தளிரைப் பெருக்கும் விளக்குமாற்றுச் சத்தம் போனில் கேட்டது.

"அப்போ என் தளிர்..." என்றார்.

"ஆமாம்."

"எழுபது வீட்டுத் தளிரும்."

"நான் சரியாச் சொல்லிக் கொடுத்திருந்தா விழுந்திருக்காது. தப்பு என்னுது. எல்லாருக்கும் அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"குழந்தைன்னுதானே சொன்னீங்க, தீதி." என்றார். "நனைய விடவேண்டிய குழந்தைன்னு சொல்லவே இல்லையே."

"இல்லை. சொல்லலை."

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது. பிறகு அவரே, "அப்போ இன்னிக்கு ராத்திரி அப்படியே விட்டுடவா?" என்று கேட்டார்.

"விட்டுடுங்க."

"நனையுமே."

"நனையட்டும், நிரஞ்சன் பாபு."

சரி என்று சொல்லாமலே வைத்துவிட்டார். அவர் கேப்பைப் போட்டாரா, விட்டாரா என்று எனக்கு உறுதியில்லை. கோபத்தில் கம்பத்தையே பிடுங்கி எறிந்தாலும் கேட்பதற்கு எனக்கு வாய் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை எழுந்ததும் கணக்கைத் திறந்தேன். தட்டு மாலை ஏழரை மணியிலிருந்து ஈரம் காட்டியிருந்தது. பத்து மணி நேரம் தாண்டி, இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கூடவே போனில் அவரிடமிருந்து ஒரு செய்தி, விடியற்காலை நாலு மணிக்கு, மெஷினைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குக் கிளம்பும் முன் அனுப்பியது:

"தீதி, ராத்திரி முழுக்க நனைந்துகொண்டிருக்கிறது. இரண்டு தடவை எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன். மூடவில்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை."